றேமண்டின் பெரிய ‘ற’

இனி இந்த வீட்டில் தன் வாயை யாரும் அடைக்க முடியாது என்று றேமண்ட் தீர்மானித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. ஒன்பதே காலுக்கு அவர் மனைவி யோசெப்பின் வாயைத் திறந்தாள். தீர்மானம் கால் மணித்தியாலம் உயிரோடு இருந்தது. அவருடைய தீர்மானங்களுக்குள் அது நீண்ட ஆயுள்தான்.

சங்கதி அலுமாரி பற்றியது. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் புருஷனும் மனைவியும். மற்ற அறையில் றேமண்டின் பழைய கொமிக்ஸ் புத்தகங்கள். மொத்தம் நூற்றுப் பதினான்கு. இரண்டு அலுமாரி நிறைய, பூச்சி உருண்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளாஸ்டிக் உறை. மழை நாளில் அந்தக் கதவுகளைத் திறக்கக் கூடாது. வெயில் நாளில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அந்த அறைக்கு இருந்த மரியாதையில் பாதி தனக்கு இருந்திருந்தால் போதும் என்று யோசெப்பின் பக்கத்து வீட்டு றோஸியிடம் சொல்லுவாள். றோஸி அதை றேமண்டிடம் சொல்லுவாள். அப்படித்தான் அந்த வீட்டில் பல விஷயங்கள் புருஷனுக்குத் தெரியவரும்.

மகள் டெனிஷா நீர்கொழும்பில். முதல் பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதந்தான். கட்டில் போட வேண்டும், தொட்டில் வைக்க வேண்டும், குழந்தைச் சாமான் அடுக்க வேண்டும். அலுமாரிகள் வெறுமையாக வேண்டும். திங்கட்கிழமைகளில் லேனுக்குள் வரும் போத்தல் பேப்பர்காரனைத் தான் பிடித்துவிட்டதாகவும், தூக்கித் தராசில் நிறுத்து முழுதாக எடுத்துக்கொள்வான் என்றும் யோசெப்பின் அறிவித்தாள்.

நிறுப்பது என்ற சொல் றேமண்டின் நெஞ்சில் ஏறியது. இது பேப்பர் இல்லை, பொக்கிஷம் என்றார். கனடாவிலும் லண்டனிலும் இதற்காகத் தவம் கிடக்கிறார்கள் என்றார்.

“பொக்கிஷமெண்டா பாங்கில வையுங்கோ. பேப்பரெண்டா பேப்பர்காரனுக்குக் குடுங்கோ. பிள்ளை படுக்கிற இடத்தில கரப்பான் வேண்டாம்.”

“என்ர புத்தகத்தில கரப்பான் இல்லை.”

“ஓம், அதுகளுக்கும் வாசிக்க அலுத்துப்போச்சு.”

இந்த இடத்தில்தான் றேமண்ட் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அந்த நூற்றுப் பதினான்கில் ஒன்று, கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த மற்றவைகளைப் போல அல்ல. ‘எட்டாம் மாடிப் பூதம்’ என்று பெயர். மதராசில் அச்சான புத்தகம். அதை வரைந்தவர் ஓவியர் தணிகைநாதன். எண்பத்திரண்டாம் ஆண்டு பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு அவர் வந்திருந்தார். அட்டையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ‘றேமண்டுக்கு அன்புடன், தணிகைநாதன்.’ றேமண்டுக்கு அப்போது இருபது வயது. துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிற கிளாக் வேலை, அன்று பகல் முறை, லீவு கிடைக்கவில்லை. பக்கத்து லேன் யோசெப்பின் கூட்டாளிப் பிள்ளைகளோடு கண்காட்சிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார். பின்னேரம் அவள் கொண்டுவந்து தந்தாள். உங்கட பேரும் போட்டுத் தந்தவர் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அந்த ஓட்டத்தில்தான் றேமண்ட் விழுந்தார். தனக்காக அத்தனை சனத்துக்குள் நின்று கையெழுத்து வாங்கிவந்த பெண். இப்படி ஒருத்தியை விட்டால் இனிக் கிடைக்குமா என்று தாயிடம் கேட்டார். கிடைக்காது என்றாள் தாய். அது உண்மைதான், ஆனால் எந்தக் கருத்தில் என்பது பிறகுதான் விளங்கியது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் லேன் சனமெல்லாம் நகையையும் காணி உறுதிகளையும் அள்ளிக்கொண்டு சேர்ச்சுக்கு ஓடியபோது, றேமண்ட் அந்தப் புத்தகத்தை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். தாயின் தாலிக்கொடி வீட்டோடு எரிந்தது. தாய் சாகும்வரை அவரோடு முழு வசனத்தில் பேசவில்லை.

அப்படிக் காப்பாற்றிய கையெழுத்தை, வெள்ளவத்தையில் அர்ஷாத் என்று ஒருவரிடம் கொண்டுபோகப் போவதாக றேமண்ட் சொன்னார். பழைய கொமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடுவதும், கையெழுத்து உண்மையா பொய்யா என்று சொல்வதும்தான் அவருக்கு வேலை. அவர் உண்மை என்று சொன்னால் நூற்றுப் பதினான்கும் இந்த வீட்டிலேயே இருக்கும். அலுமாரியில் கை வைக்கக் கூடாது.

“பொய் எண்டு சொன்னா?”

“சொல்லமாட்டார்.”

“சொன்னா?”

“சொன்னா, பேப்பர்காரனுக்கு நானே தூக்கிக் குடுக்கிறன்.”

யோசெப்பின் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டது போல இருந்தது. தோற்றுப்போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று றேமண்ட் நினைத்தார். தோற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா, தினமும் கண்ணாடியில் பார்க்கிறவர்.

சரி என்றாள். சனிக்கிழமை அவர் புறப்படும்போது, வெள்ளவத்தைக்குப் போறீங்கள்தானே, வரேக்க மார்க்கட்டில இதுகளை வாங்கிக்கொண்டு வாங்கோ என்று தான் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

புத்தகத்துக்கு முதலில் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பத்திரிகை, அதற்கு மேல் தலையணை உறை. பஸ்ஸில் இருக்க இடமில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கொண்டக்டர் பார்த்துவிட்டு, “அங்கிள், ஓக்க பிமின் தியன்ன” என்றான். கீழே வைப்பதா? கீழே வைத்திருந்தால் எண்பத்து மூன்றிலேயே வைத்திருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குரிய சிங்களம் வரவில்லை. கோல்பேஸ் தாண்டும்வரை கொண்டக்டரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அர்ஷாத் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு லேனில், மாடி வீட்டில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கையுறை போட்டார். தலையணை உறையிலிருந்து புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தார். றேமண்ட் கதிரையின் நுனிக்கு வந்தார். கலியாணம் முடித்த நாற்பது வருடத்தில் அவருடைய பொருள் ஒன்றை யாரும் இரண்டு கையால் தொட்டதில்லை.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அர்ஷாத் ஒவ்வொரு மூலையாகப் போனார். பக்கங்களின் நிறத்தைப் பார்த்தார். மணந்துகூடப் பார்த்தார்.

“முதுகு நல்லா நிக்கிது அங்கிள். மூல மடியல்ல. கம்பியில மட்டும் கொஞ்சம் துரு. எட்டர குடுக்கலாம்.”

பத்துக்கு எட்டரை. றேமண்ட் பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத மார்க். முதுகு நிற்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதும் அதுதான் முதல் தடவை, புத்தகத்தைப் பற்றியே ஆனாலும்.

பிறகு கையெழுத்துக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார். பூதக்கண்ணாடி மேலே போனது, கீழே வந்தது. பேனை என்ன என்று பார்த்தார். குமிழ்ப் பேனை. தணிகைநாதன் எப்போதும் மைப்பேனைதான் பாவித்தவர் என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொன்னார். மண்டபத்தில் யாரும் பேனை கொடுத்திருக்கலாமே என்றார் றேமண்ட். கொடுத்திருக்கலாம் என்று அர்ஷாத்தும் ஒப்புக்கொண்டார்.

“இது உங்களுக்கு முன்னால வெச்சதா அங்கிள்?”

“முன்னால இல்லை. குடுத்தனுப்பி எடுத்தது.”

“ஆர் கொண்டு போன?”

“என்ர வைஃப். அப்ப வைஃப் இல்லை. பிறகுதான்.”

“ம்” என்றார் அர்ஷாத். பிறகு பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். கேள்வியே றேமண்டுக்கு விளங்கவில்லை. றேமண்ட் என்றுதான். முதல் எழுத்து? பெரிய ற. வேறு எந்த ற?

“எங்களுக்கு அப்பிடி அங்கிள். றேடியோ, றப்பர், றோட்டு, எல்லாத்துக்கும் நாங்க பெரிய ற தான் போடுற. இந்தியாவில சின்ன ர. ரேடியோ, ரப்பர், ரோடு. அங்க எழுதிப் பழகின கை, பேரக் கேட்ட ஒடன சின்ன ர தான் போடும்.”

எங்கட ஆள் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பா என்றார் றேமண்ட். குரல் கொஞ்சம் உயர்ந்தது. அர்ஷாத் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அதே கண்காட்சி, அதே நாள், வெள்ளவத்தை றமேஷ் என்ற ஒருவரின் புத்தகம். மைப்பேனையால் ‘ரமேஷுக்கு வாழ்த்துகள், தணிகைநாதன்’ என்று இருந்தது. சின்ன ர. அந்த மனிதர் பக்கத்தில் நின்று பெரிய ற என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாராம். தணிகைநாதன் சிரித்துவிட்டு, தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் தொடங்காது தம்பி என்று சொல்லி, சின்ன ர வையே போட்டாராம். தன் பெயரைப் பிழையாக எழுதிப்போட்டார் என்று றமேஷுக்கு இன்றைக்கும் மனவருத்தமாம்.

“அவருக்குப் பேர் பிழ, கையெழுத்துச் செரி. உங்களுக்குப் பேர் செரியா இரிக்கி அங்கிள். அதுதான் பிழ.”

ஆகவே தணிகைநாதன் கையெழுத்து என்று எழுதித் தரமுடியாது. அதுமட்டுமல்ல. கையெழுத்து இல்லையென்றால் அது அட்டையில் யாரோ கிறுக்கியது. கிறுக்கலுக்கு மார்க் குறைக்க வேண்டும். எட்டரை ஆறாகும். எழுதின ஆள் ரெண்டர மார்க்கத் தின்டுட்டார் அங்கிள் என்று அர்ஷாத் மெதுவாகச் சொன்னார்.

அந்த ஆறையாவது குறித்துக்கொண்டு போவோம் என்று றேமண்ட் சட்டைப் பைக்குள் கைவிட்டார். வந்தது மார்க்கட் துண்டு. மேசையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்தார். முதல் வரி: ‘றால் அரைக் கிலோ.’

அவர் அந்த வரியைப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். மறுபடி வரியைப் பார்த்தார். றாலில் ஒரு ற. றேமண்டில் ஒரு ற. இரண்டுக்கும் வால் கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்து, நுனியில் ஒரு கொக்கி. நாற்பது வருடமாக மார்க்கட்டுக்கும் கடைக்கும் அவரை அனுப்பிய கொக்கி. றால், றம்புட்டான், றொட்டிமா. கோடிக்கணக்கான ற அவர் சட்டைப் பைக்குள் போய் வந்திருக்கிறது. ஒருநாளும் அவர் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

அர்ஷாத்தும் பார்த்தார். நல்ல பிள்ளை. பூதக்கண்ணாடியை மூடி வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கிறீங்களா என்று மட்டும் கேட்டார்.

கையெழுத்தைப் பார்க்க வந்தவர் தலையெழுத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். மார்க்கட்டுக்குப் போனார். அந்த நிலையிலும் றால் வாங்கினார், சரியாக அரைக் கிலோ. வாங்காமல் போகிற தைரியம் அவருக்கு இல்லை.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. மடியில் ஒரு பக்கம் பூதம், மறுபக்கம் றால். நினைக்க நினைக்க வாய்க்குள் கசந்தது. எத்தனை கலியாண வீடு, எத்தனை செத்தவீடு. போன இடமெல்லாம் இந்தக் கையெழுத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார். சனம் எப்படி நெருங்கியது, இவள் எப்படி முழங்கையால் இடித்து முன்னுக்குப் போனாள், பெரிய மனுசன் எப்படி இவள் முகத்தைப் பார்த்து, யாருக்கம்மா என்று கேட்டார். யாருக்கம்மா என்பது அவராகச் சேர்த்தது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது யோசெப்பின் எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்திருந்தார். நாற்பது வருடமாக ஒரு மனுசியின் வெட்கத்தைப் பார்த்துப் பூரித்திருந்தார். தாயின் தாலிக்கொடியை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, யோசெப்பினின் குமிழ்ப் பேனையைக் காப்பாற்றியிருந்தார்.

தனக்கும் ஒரு தரம் போட்டுப் பார்த்தார். முதுகு வளைவு. மூலைகள் மழுங்கல். கம்பி துரு. பக்கங்கள் மஞ்சள். அட்டையில் அந்நியர் கிறுக்கல். மூன்றரைக்கு மேல் தேறாது.

மருதானையில் பஸ் நெரிசலில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்றுவிட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? கையெழுத்து உண்மை என்று சொன்னால் என்ன? அர்ஷாத் சொன்னதைக் கேட்டது அவர் ஒருவர்தான். உண்மை என்று சொன்னால், யோசெப்பின் ஒன்றில் வாயை மூடிக்கொண்டு அலுமாரியை விடவேண்டும். அல்லது, இல்லை, அதை எழுதினது நான்தான் என்று சொல்லவேண்டும். எப்படிச் சொல்லுவாள்? நாற்பத்திரண்டு வருடக் கள்ளத்தை எந்த முகத்தோடு சொல்லுவாள்? மூடினால் புத்தகங்கள் தப்பும். திறந்தால் சாகும்வரை குத்திக்காட்ட ஒரு கதை கிடைக்கும். இரண்டு வாசலையும் அடைத்தாயிற்று. தன் வாழ்க்கையில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. மூன்றரையை நாலரையாக்கினார்.

கொட்டாஞ்சேனையில் இறங்கி மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார்.

யோசெப்பின் றாலை வாங்கிப் பார்த்தாள். சின்னன் என்றாள். சட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டு, குசினி மேடையில் நின்று கோது உரிக்கத் தொடங்கினாள். பிறகுதான், என்னவாம் என்றாள்.

“உண்மையாம்.”

விரல் நின்றது. “எது?”

“கையெழுத்து. தணிகைநாதன்ர கைதானாம். சந்தேகமே இல்லையாம்.”

“வடிவாப் பார்த்தவரோ?”

“கண்ணாடி வைச்சுப் பார்த்தவர்.”

“என்னத்தை வைச்சுச் சொன்னவர்?”

இதற்கு றேமண்ட் ஆயத்தமாக வரவில்லை. ஆனால் கையெழுத்துக் கதையை நாற்பது வருடம் சோடித்த வாய். தானாக ஓடியது. அந்தப் பெரிய றன்னாவின் வாலைப் பார்த்தாலே போதுமாம். அப்படி ஒரு வளைவு பெரிய சித்திரக்காரனின் கைக்குத்தான் வருமாம். சாதாரண ஆட்கள் நூறு வருடம் பழகினாலும் வராதாம். கள்ளமாக எழுதவே ஏலாதாம். சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தார்.

“அவ்வளவு வடிவாமோ?” என்றாள்.

“அவ்வளவு வடிவாம்.”

“எத்தினை மார்க்?”

“எட்டரை.”

ஒரு றாலை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அலுமாரி என்ன மாதிரி என்று றேமண்ட் கேட்டார். சொன்னது சொன்னதுதான், உண்மையெண்டா அது உங்களுக்குத்தான் என்று சாதாரணமாகச் சொன்னாள். வென்றாயிற்று. அத்தோடு அவர் முன்னறைக்குப் போயிருக்க வேண்டும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் வென்று பழக்கமில்லாதவர். கொஞ்சம் கூட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

“உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?”

“இருக்கு.”

றேமண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்திரண்டு வருடக் கள்ளம் தலை குனிந்து வரப்போகிறது.

யோசெப்பின் தலை குனியவில்லை. றாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்டைக்கு மண்டபத்தில சரியான சனம். நாங்கள் உள்ளுக்கே போகேல்லை. பக்கத்துக் கடையில ஐஸ்கிறீம் குடிச்சிட்டு, அந்த மேசையில வைச்சு நான்தான் எழுதினது. நீங்கள் பெருமையாச் சொல்லச் சொல்ல எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. என்ர கை அவ்வளவு பெரிய கையெண்டு எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்.”

றேமண்ட் கட்டிய கையை அவிழ்த்தார்.

அவள் கையைத் தண்ணீரில் அலம்பி உதறினாள்.

“மிச்சம் நூற்றுப் பதின்மூண்டையும் கொண்டு வாங்கோ. கை காய்ஞ்ச உடன கையெழுத்துப் போட்டுத் தாறன். பேப்பர்காரன் வர முதல் முடிச்சிடலாம்.”